பழைய கம்ப்யூட்டரை ஹாஸ்டல் லேனில் மாட்டும்போது செய்யக்கூடாதவை

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துக் கல்லூரி விடுதிகளில் ஒவ்வொரு கல்வியாண்டும் இப்படித்தான் தொடங்குகிறது. அண்ணன் படித்த காலத்து டெஸ்க்டாப்போ, மாமாவின் கடையில் ஒதுக்கிப் போட்ட சிபியுவோ ஆட்டோவில் வந்து இறங்கும். 2 ஜிபி ராம், விண்டோஸ் 7, வைஃபை கிடையாது. சி புரோகிராம் எழுதிப் பழகவும் பாட வீடியோ பார்க்கவும் அது போதும். அதை லேனில், அதாவது விடுதியின் கேபிள் நெட்வொர்க்கில், சேர்க்கிற இடத்தில்தான் வருடா வருடம் அதே தவறுகள். கேபிள் சரியாக உட்காராதது, பாஸ்வேர்டைத் தப்பாக அடித்தது போன்றவற்றை விட்டுவிடுவோம். அவை பத்து நிமிடத்தில் தானாகத் தெரிந்துவிடும்.

கடிகாரத்தைப் பார்க்காமல் நெட்டைக் குறை சொல்வது

லேன் விளக்கு எரிகிறது, ஐபி (நெட்வொர்க் கொடுக்கும் முகவரி எண்) வந்திருக்கிறது, ஆனால் விடுதி நெட்டின் லாகின் பக்கம் மட்டும் திறக்கவில்லை. இப்படியென்றால் முதலில் திரையின் வலது மூலையில் தேதியைப் பாருங்கள். மதர்போர்டிலுள்ள சிஆர் 2032 பேட்டரி தீர்ந்திருந்தால், மெயின் சுவிட்சை அணைத்துப் போடும்போதெல்லாம் தேதி 2009, 2010 என்று அந்த போர்டு தயாரான காலத்துக்குப் போய்விடும். பாதுகாப்பான தளங்கள் தம்மை நிரூபிக்கக் காட்டும் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாள், முடிவு நாள் இரண்டும் உண்டு. 2009-இல் நிற்கிற மெஷினுக்கு எல்லாச் சான்றிதழும் 'இன்னும் செல்லுபடியாகாதவை'. நெட் வந்ததும் நேரம் தானாகச் சரியாகும் என்று காத்திருக்காதீர்கள். லாகின் செய்யாமல் நேர சர்வரை எட்ட முடியாது, நேரம் சரியில்லாமல் லாகின் ஆகாது. எட்டினாலும், 15 மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விண்டோஸ் தானாகத் திருத்தாது.

வாட்ச் கடையிலேயே இந்த பேட்டரி கிடைக்கும். பவர் கேபிளைக் கழற்றிவிட்டு, பக்கத்துக் கிளிப்பை நகத்தால் தள்ளி, பிளஸ் முகம் மேலே தெரியும்படி போடுங்கள். அதற்கு முன் பயாஸில் (கம்ப்யூட்டர் எழும்போது திறக்கும் அமைப்புத் திரையில்) சாட்டா மோடு, அதாவது ஹார்ட் டிஸ்க்கோடு பேசும் முறை, ஐடிஇ-யா, ஏஹெச்சிஐ-யா என்று குறித்துக்கொள்ளுங்கள். பேட்டரியை எடுத்ததில் அது மாறிவிட்டால் விண்டோஸ் நீலத்திரையில் நின்றுவிடும். பலர் ஹார்ட் டிஸ்க் போய்விட்டதென்று நினைப்பது இந்த இடத்தில்தான்.

சுவரிலிருந்து வரும் கேபிளை ரௌட்டரின் லேன் போர்ட்டில் செருகுவது

மற்ற தவறுகளில் நஷ்டம் செய்தவருக்கு மட்டும். இதில் மாடி முழுவதற்கும். நாளைக்கு அசைன்மென்ட் ஏற்ற வேண்டிய நாற்பது பேர் இருட்டில் நிற்பார்கள். எத்தனை முறை சொன்னாலும் இது திரும்பத் திரும்ப நடக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

பழைய கம்ப்யூட்டரில் வைஃபை இல்லை, அறையில் போர்ட் ஒன்றுதான், கூட இருப்பவனுக்கும் நெட் வேண்டும். வீட்டில் சும்மா கிடந்த ரௌட்டரைக் கொண்டுவருகிறார்கள். அதன் பின்புறம் ஒரே மாதிரி நான்கு போர்ட், தனி நிறத்தில் ஒன்று. சுவர்க் கேபிளை நான்கில் ஒன்றில் செருகுகிறார்கள். கம்ப்யூட்டரை இன்னொன்றில். நெட் வேலை செய்கிறது! அதுதான் இதிலுள்ள பொறி. அந்த நான்கு போர்ட்டும் சேர்ந்து வெறும் ஸ்விட்ச்சாக (கேபிள்களை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டியாக) வேலை செய்வதால் நெட் கடந்துபோகிறது. கூடவே, ரௌட்டருக்குள் இருக்கும் டிஎச்சிபி சர்வரும் (கேட்கும் மெஷின்களுக்கு ஐபி கொடுக்கும் பகுதி) விடுதி நெட்வொர்க்குக்குள் கடை விரித்துவிடுகிறது.

ஒரு கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் 'யாராவது எனக்கு ஐபி கொடுங்கள்' என்று எல்லோருக்கும் கேட்கும்படி கூவும். முதலில் வந்த பதிலைத்தான் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும். விடுதியின் நிஜமான சர்வர் நாலைந்து ஸ்விட்ச்சுக்கு அப்பால் இருக்கிறது. பல சர்வர்கள் ஒரு முகவரியைக் கொடுக்கும் முன் அதை வேறு யாரும் வைத்திருக்கிறார்களா என்று பிங் செய்தும் (அந்த எண்ணைக் கூப்பிட்டுப் பதில் வருகிறதா என்றும்) பார்க்கும். அடுத்த அறை ரௌட்டர் அதற்குள் பதில் சொல்லி முடித்திருக்கும். 192.168.0.105 என்று ஒரு ஐபி, 192.168.0.1 என்று ஒரு கேட்வே (தகவல் வெளியே போகும் வாசல்). அந்த கேட்வேயின் இன்டர்நெட் போர்ட்டோ காலியாகக் கிடக்கிறது. போகிற தகவல் அங்கேயே செத்துவிடும்.

கோளாறு உடனே தெரியாததால்தான் தேடுவது கஷ்டம். ஏற்கெனவே ஐபி வாங்கி ஓடிக்கொண்டிருக்கும் மெஷின்கள், குத்தகைக் காலம் (ஐபி செல்லும் கெடு) பாதி முடிந்ததும் தமக்குக் கொடுத்த அதே சர்வரிடம் நேராகக் கேட்டுப் புதுப்பித்துக்கொள்ளும். அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. ரௌட்டரை மாட்டியது மதியம் இரண்டு மணி என்றால், வகுப்பு முடிந்து எல்லோரும் வந்து கம்ப்யூட்டரைப் போடுகிற ஆறு மணிக்குத்தான் கூச்சல் தொடங்கும். மாட்டியவரின் மெஷினும் பழைய ஐபியிலேயே இருந்தால் அவருக்கு நெட் ஓடிக்கொண்டிருக்கும், 'எனக்கு வருதே' என்பார். மழைக்காலத்தில் கரண்ட் போய் வந்தால் இன்னும் மோசம். அறை ரௌட்டர் ஒரு நிமிடத்தில் எழுந்துவிடும், சர்வர் எழுவதற்குள் மாடி மொத்தமும் அந்த ரௌட்டரிடம் ஐபி வாங்கியிருக்கும்.

கண்டுபிடிக்கும் வழி: நெட் வராத மெஷினில் கமாண்ட் பிராம்ப்ட்டில் ipconfig /all என்று அடித்து, DHCP Server என்ற வரியைப் பாருங்கள். விடுதி கொடுத்த எண் அல்லாமல் வேறு எண் இருந்தால் யாரோ ரௌட்டர் மாட்டியிருக்கிறார்கள். arp -a கட்டளையில் அந்த எண்ணுக்கு நேரே உள்ள மேக் முகவரியை (ஒவ்வொரு நெட்வொர்க் கருவிக்கும் உள்ள தனி எண்) எழுதி நெட்வொர்க் பிரிவில் கொடுத்தால், மேனேஜ்டு ஸ்விட்ச் (உள்ளே நுழைந்து பார்த்து நிர்வகிக்கக்கூடியது) இருக்கும் விடுதியில் எந்த போர்ட் என்பது உடனே தெரியும். சாதாரண ஸ்விட்ச் என்றால் அந்த எண்ணுக்கு இடைவிடாமல் பிங் ஓடவிட்டு, கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பதே வழி. எந்தக் கேபிளில் பிங் நிற்கிறதோ அந்த அறை. ரௌட்டரைக் கழற்றிய பிறகும் மற்றவர்கள் லேன் கேபிளைப் பத்து வினாடி எடுத்துவிட்டு மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் தவறான ஐபியைப் பிடித்துக்கொண்டே இருப்பார்கள்.

சரியான முறைக்கு வருவோம். இரண்டு கம்ப்யூட்டருக்குக் கேபிளில் நெட் வேண்டும், அவ்வளவுதான் என்றால் ரௌட்டரே வேண்டாம், ஐந்து போர்ட் ஸ்விட்ச் போதும். அது யாருக்கும் ஐபி கொடுக்காது. (சில விடுதிகளில் ஒரு போர்ட்டுக்கு ஒரு மெஷின்தான் அனுமதி, கேட்டுக்கொள்ளுங்கள்.) ரௌட்டர்தான் வேண்டுமென்றால் வார்டனிடமும் நெட்வொர்க் பிரிவிடமும் அனுமதி வாங்கி, சுவர்க் கேபிளைத் தனி நிறப் போர்ட்டில், அதாவது வான் (WAN) என்று எழுதியதில் செருகுங்கள். செருகும் முன்பே ரௌட்டரின் உள் முகவரியை 192.168.50.1 போல, விடுதி பயன்படுத்தாத வரிசைக்கு மாற்றிவிடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே வரிசை என்றால் எது உள்ளே, எது வெளியே என்று ரௌட்டருக்குத் தெரியாது. இன்னொன்று: ரீசெட் பொத்தானை அழுத்தினால் இந்த மாற்றங்கள் எல்லாம் அழிந்து பழைய நிலைக்கு வந்துவிடும். மறுபடி அமைக்காமல் சுவரில் செருகாதீர்கள்.

விண்டோஸில் இன்டர்நெட் கனெக்‌ஷன் ஷேரிங்கை (தன் நெட்டை மற்ற மெஷினுக்குப் பகிரும் வசதியை) போட்டுவிட்டு மறந்தாலும் இதே விபரீதம் நடக்கும். அதுவும் ஒரு டிஎச்சிபி சர்வர்தான்.

பக்கத்து அறை ஐபியைப் பார்த்து எழுதுவது

ஒரே ஐபி இரண்டு மெஷினில் மோதி, இருவருக்கும் நெட் நின்றுவிடும்.

ஒரே கேபிளின் இரு முனையையும் சுவரில் செருகுவது

மாடியே முடங்கும்.

வேகத்தைக் கையால் 100 ஃபுல் என்று வைப்பது

'பழைய கார்டு, நாமே சொல்லிவிடுவோம்' என்று 100 எம்பிபிஎஸ், ஃபுல் டூப்ளெக்ஸ் (இரு பக்கமும் ஒரே நேரத்தில் பேசுவது) என்று வைக்கிறார்கள். எதிரே உள்ள ஸ்விட்ச் தானாக முடிவு செய்யும் ஆட்டோ முறையில் இருந்தால், அதனால் வேகத்தைத்தான் கண்டுபிடிக்க முடியும், டூப்ளெக்ஸைக் கண்டுபிடிக்க முடியாது. அது ஹாஃப் (மாறி மாறிப் பேசுவது) என்று எடுத்துக்கொள்ளும். ஒருவர் பேசிக்கொண்டே கேட்கிறார், மற்றவர் பேச்சு மோதியதென்று நிறுத்தி நிறுத்திப் பேசுகிறார். பிங் நன்றாக வரும், டவுன்லோடு ஊர்ந்துபோகும். டிவைஸ் மேனேஜரில் கார்டின் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய் ஆட்டோ நெகோஷியேஷன் வையுங்கள்.

கேபிளில் கஞ்சம்

கிரிம்ப் செய்யும்போது, அதாவது கேபிள் முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்தும்போது, கம்பிகளின் வண்ண வரிசை: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. இரண்டு முனையும் ஒரே மாதிரி இருந்தால் போதுமென்று ஜோடி ஜோடியாக அடுக்கினால் 3, 6 எண் பின்கள் வேறு வேறு ஜோடியில் விழும். இரண்டு மீட்டரில் ஓடும், இருபது மீட்டரில் தடுமாறும். குளச்சல், முட்டம், கன்னியாகுமரி என்று கரையோரம் இருப்பவர்களுக்கு உப்புக்காற்றும் சேரும். பின்களில் பச்சை படிந்தால் முனையை வெட்டிவிட்டுப் புதிதாக கிரிம்ப் செய்யுங்கள். பிசிஐ கார்டு (மதர்போர்டில் தனியாகச் செருகும் லேன் கார்டு) இருந்தால் அதன் தங்க முனையை வெள்ளை ரப்பரால் தேய்த்து, தூளைத் தட்டிவிட்டு மாட்டுங்கள்.

விண்டோஸ் எக்ஸ்பி

வேண்டாம். ஆதரவு 2014 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. விண்டோஸ் 7-க்கும் 2020 ஜனவரியில் முடிந்தது. குரோம் 109-க்கு மேல் அதில் ஏறாது. 2017-இல் வானாக்ரை என்ற கணினிப் புழு பரவிய ஓட்டை (விண்டோஸின் ஃபைல் பகிர்வு கேட்கும் 445 எண் போர்ட்டில் உள்ளது, கேபிள் போர்ட் அல்ல) அடைக்கப்படாத மெஷின் ஒரே ஒரு அறையில் இருந்தாலும், அதே நிலையிலுள்ள மற்ற மெஷின்களுக்கும் ஆபத்து. 32 பிட் மெஷின் என்றால் டெபியன் 12, 64 பிட் என்றால் லுபுண்டு என்று லினக்ஸ் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். விண்டோஸ் 7 கட்டாயம் தேவையென்றால் நெட்வொர்க் வகை கேட்கும்போது பப்ளிக் என்று கொடுங்கள்.

இடி இடிக்கும்போது பவர் பிளக்கை மட்டும் பிடுங்குவது

தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நன்றாகப் பெய்கிற மாவட்டம் இது. சித்திரை வெயிலுக்கு நடுவே வரும் மாலை இடி வேறு. ஒரு பிளாக்கிலிருந்து இன்னொன்றுக்கு வெட்டவெளியில் போகும் லேன் கேபிளில் மின்னல் தூண்டும் மின்னழுத்தம், பவர் அணைந்திருந்தாலும் போர்ட்டைக் கருக்கிவிடும். வானம் இருட்டியதும் லேன் கேபிளையும் எடுத்துவிடுங்கள்.

போர்ட் போய்விட்டால் மதர்போர்டை மாற்ற வேண்டியதில்லை. பழைய கடைகளில் கிடைக்கும் ரியல்டெக் 8139 பிசிஐ கார்டு ஒன்றை மாட்டி, பயாஸில் ஆன்போர்டு லேனை டிசேபிள் செய்தால் போதும். 100 எம்பிபிஎஸ் வரை தரும், லினக்ஸில் டிரைவர் தேட வேண்டியதில்லை. ஆனால் புதிய கார்டின் மேக் முகவரி வேறு. விடுதியில் மேக் பதிவு உண்டென்றால், 'கார்டு போட்டும் நெட் வரவில்லை' என்று புகார் எழுதும் முன் அந்த எண்ணைக் கொடுத்துப் பதிவை மாற்றிக்கொள்ளுங்கள்.