பழைய பித்தளை டிரம் மைக்ரோஸ்கோப்பில் முதல்முறை பார்ப்பது எப்படி?

19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் பிரான்சிலும் சாதாரண வீடுகளுக்குள் நுழைந்த மைக்ரோஸ்கோப்புகளில் மலிவானது டிரம் வகை. அடியில் வெளிச்சத்தை மேலே திருப்பும் முகம்பார்க்கும் கண்ணாடி, நடுவில் ஸ்லைடு (பார்க்கும் பொருளைத் தாங்கும் கண்ணாடித் துண்டு) வைக்கும் மேடை, மேலே ஏறி இறங்கும் குழாய், எல்லாம் ஒரே பித்தளை உருளைக்குள். பெஞ்சமின் மார்ட்டின் என்ற ஆங்கிலேயர் 1738 வாக்கில் கொண்டுவந்த வடிவம் இது. அப்படி ஒன்று மரப்பெட்டியோடு உங்கள் கைக்கு வந்திருந்தால், இதோ வழி.

முதலில், பித்தளையைத் தேய்க்காதீர்கள். புளியும் வேண்டாம், பாலீஷும் வேண்டாம். மேலே தெரியும் பொன்னிறம் அரக்கு கலந்த மெல்லிய பூச்சு. ஒருமுறை போனால் போனதுதான். பளபளக்கும் கருவியைவிடப் பூச்சு மங்கிய கருவியே எனக்கு உயர்வு. மென்மையான உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். ஸ்பிரிட் அருகில்கூட வரக்கூடாது, அரக்கு கரைந்துவிடும்.

அடுத்து லென்ஸ். ஊதுபந்தால் தூசியை ஊதிவிட்டு, வடித்த நீரில் லேசாக நனைத்த பஞ்சால் ஒற்றி எடுங்கள். குழாயின் அடியில் பொத்தான் அளவில் இரண்டு மூன்று லென்ஸ்கள் ஒன்றின்மேல் ஒன்றாகத் திருகியிருக்கும். திருகு இறுகியிருந்தால் குறடு போடாதீர்கள். ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு ஒரு நாள் பொறுங்கள். எண்ணெய் லென்ஸில் படக்கூடாது. தொடக்கத்துக்கு ஒரே ஒரு லென்ஸை மட்டும் விட்டுவையுங்கள்.

சரி, இனி பார்க்கலாம். ஜன்னலோரம் வையுங்கள், ஆனால் நேர் வெயிலைக் கண்ணாடியில் பிடிக்கவே கூடாது, கண் போய்விடும். வட்டம் முழுக்க வெளிச்சம் நிரம்பும்வரை கண்ணாடியைச் சாய்த்துப் பாருங்கள். செத்த ஈயின் இறக்கை ஒன்றை ஸ்லைடில் வையுங்கள். இன்றைய 3 அங்குல ஸ்லைடு சின்ன டிரமில் நுழையாமல் போகலாம்; அப்போது இரண்டு கவர் கண்ணாடிகளுக்கு (ஸ்லைடின்மேல் மூடும் சின்ன மெல்லிய கண்ணாடி வில்லைகளுக்கு) நடுவே இறக்கையை வைக்கலாம்.

குழாயை, பக்கவாட்டில் பார்த்தபடியே, லென்ஸ் ஸ்லைடைத் தொடாத அளவுக்கு இறக்குங்கள். அப்புறம்தான் கண்ணை வைத்து, மெல்லத் திருகியபடி மேலே இழுக்க வேண்டும். பார்த்துக்கொண்டே இறக்கினால் ஸ்லைடு உடையும், லென்ஸும் கீறும்.

இறக்கையின் ஓரத்தில் வரிசையாக முடிகள் தெரியும். அவற்றைச் சுற்றி நீலம், சிவப்பு விளிம்பு தெரிந்தால் பழுது என்று நினைக்க வேண்டாம். நிறப்பிழை திருத்தாத மலிவு லென்ஸின் இயல்பு அது. இப்போது இரண்டாவது லென்ஸைச் சேருங்கள். படம் பெரிதாகும், கூடவே இருட்டும். கண்ணாடியை மறுபடி சாய்த்து வெளிச்சத்தைத் தேடுங்கள்.