மறுபடியும் லோ கார்ப்: திரும்பி வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல்முறையாக மாவுச்சத்தைக் குறைப்பவருக்கு எதைச் சாப்பிடலாம், எதை விட வேண்டும் என்பதுதான் பெரிய கேள்வி. மூன்றாவது, நான்காவது முறையாகத் திரும்பி வருபவருக்கு அந்தக் கேள்வி இல்லை. எதில் எவ்வளவு மாவுச்சத்து என்பது மனப்பாடம். எந்த நாளில் தலை வலிக்கும், எந்த வாரத்தில் இடுப்புப் பட்டை தளரும் என்பது வரை தெரியும். தெரியாதது ஒன்றுதான்: குறைந்த எடை ஏன் திரும்பி வந்தது? அதற்குப் பதில் தேடாமல் பழைய உணவுப் பட்டியலைத் தூசி தட்டி எடுப்பதைத்தான் எல்லாவற்றிலும் பெரிய தவறாக நான் நினைக்கிறேன்.

அந்தப் பட்டியல் தன் வேலையைச் சரியாகவே செய்தது. எடை குறைந்தது. சறுக்கியது அதற்குப் பின் வந்த மாதங்களில். அந்த மாதங்களுக்கென்று கையில் திட்டம் எதுவும் இருக்கவில்லை. ஆகவே முதல் நாள் என்ன சமைப்பது என்று யோசிக்கும் முன் ஒரு தாளில் போன முறை எடை ஏறத் தொடங்கிய காலத்தை எழுதுங்கள். எந்த மாதம்? அப்போது வீட்டில், வேலையில் என்ன நடந்துகொண்டிருந்தது? தூக்கம் கெட்டிருந்ததா? முழங்கால் வலியால் நடைப்பயிற்சி நின்றுபோனதா? புதிதாக மருந்து ஏதாவது தொடங்கினீர்களா? ஸ்டீராய்டு மாத்திரைகள், இன்சுலின், மனநலச் சிகிச்சையில் தரப்படும் சில மருந்துகள் ஆகியவற்றுக்கு எடையைக் கூட்டும் இயல்பு உண்டு. மருந்தால் ஏறிய எடைக்கும் "எனக்குக் கட்டுப்பாடு இல்லை" என்று தன்னையே திட்டிக்கொள்பவர்கள் நிறையப் பேர். அது அநியாயம்.

தண்டனையாகத் தொடங்குவது

திரும்ப ஏறிய எடையோடு வெட்கமும் சேர்ந்தே வருகிறது. அந்த வெட்கத்தோடு தொடங்குபவர் பெரும்பாலும் அளவு மீறுகிறார். ஒரே திங்கட்கிழமையில் நாளுக்கு 20 கிராம் மாவுச்சத்து, ஒருவேளைச் சாப்பாடு, நீண்ட உண்ணாநோன்பு, இரண்டு மணிநேர உடற்பயிற்சி எல்லாம் ஒன்றாக ஆரம்பமாகும். முன்பு செய்த தப்புக்குப் பரிகாரம் தேடுவதுபோல.

இந்த வெட்கத்துக்கு உண்மையில் அடிப்படை குறைவு. 2011-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், எடை அதிகமாக இருந்த 50 பேர் 10 வாரங்கள் மிகக் குறைந்த கலோரி உணவில் இருந்து எடை குறைத்தார்கள். ஓராண்டு கழித்துச் சோதித்தபோதும் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பழைய நிலைக்கு இறங்கவில்லை. கொழுப்புச் சேமிப்பின் அளவை மூளைக்குச் சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் பழைய நிலைக்கு ஏறவுமில்லை. அவர்களுக்குப் பசியும் தொடக்கத்தைவிட அதிகமாகவே இருந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் பெருமளவு எடை குறைத்த 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்த முடிவு 2016-இல் வந்தது. பெரும்பாலானோருக்கு எடை திரும்பியிருந்தது. ஆனாலும் ஓய்வில் இருக்கும்போது அவர்கள் உடல் செலவழித்த ஆற்றல், அந்த உடலளவுக்கு எதிர்பார்க்கப்படுவதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவு.

ஆக, எடை குறைந்த உடல் தன் பழைய எடையைத் திரும்பப் பெற முயல்கிறது. அந்தப் பசி உங்கள் குணக்கேடு இல்லை. இதைப் புரிந்துகொண்டவர் பட்டினியோடு தொடங்க மாட்டார். வயிறு நிறையப் புரதமும் காய்களும் சாப்பிட்டு, மாவுச்சத்தை மட்டும் குறைத்துத் தொடங்குவார். மற்றவை பிறகு வரலாம், வராமலும் போகலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடுமையான கட்டுப்பாடு, பிறகு அடக்க முடியாமல் அள்ளிச் சாப்பிடுவது, பிறகு குற்ற உணர்ச்சியில் இன்னும் கடுமையான கட்டுப்பாடு என்ற சுழலில் நீங்கள் இருந்திருந்தால், லோ கார்ப் உட்பட எந்தக் கறாரான உணவுமுறையும் அந்தச் சுழலுக்கே தீனி போடும். முதலில் பார்க்க வேண்டியது மனநல மருத்துவரையோ, உண்ணுதல் கோளாறுகளில் பயிற்சி பெற்ற ஆலோசகரையோதான். எடையைப் பிறகு கவனித்துக்கொள்ளலாம்.

முதல் வாரத் தராசை நம்புவது

நம் உடல் மாவுச்சத்தைக் கிளைக்கோஜனாகத் தசைகளிலும் கல்லீரலிலும் சேர்த்து வைக்கிறது. தசைகளில் ஏறத்தாழ 400 கிராம், கல்லீரலில் சுமார் 100 கிராம். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் சுமார் 3 கிராம் தண்ணீரோடு சேர்ந்தே இருக்கும். மாவுச்சத்தை வெட்டியதும் இந்தச் சேமிப்பு கரைகிறது, தண்ணீர் வெளியேறுகிறது. இன்சுலின் அளவு இறங்குவதால் சிறுநீரகம் உப்பையும், அதோடு இன்னும் கொஞ்சம் தண்ணீரையும் வெளியேற்றுகிறது. முதல் வாரத்தில் இரண்டு, மூன்று கிலோ குறைவது இதனால்தான். அதில் கொழுப்பின் பங்கு சொற்பம்.

இது பலரும் கேள்விப்பட்ட செய்திதான். ஆனால் திரும்பி வருபவரை இது இரண்டு இடங்களில் ஏமாற்றுகிறது. முதல்முறை முதல் வாரத்தில் நான்கு கிலோ குறைந்தது என்ற நினைவு மனதில் பதிந்திருக்கும். இந்த முறை ஒன்றரை கிலோதான் குறைந்தால் "என் உடம்பு இதற்குப் பழகிவிட்டது, இனி பலன் இருக்காது" என்று முடிவு கட்டிவிடுவார். அந்த எண்ணிக்கை எவ்வளவு தண்ணீர் போனது என்பதை மட்டுமே சொல்கிறது. முந்தைய வாரங்களில் என்ன சாப்பிட்டார், எவ்வளவு உப்பு, மாதவிடாய்ச் சுழற்சியில் எந்த நாள் என்பதைப் பொறுத்து அது மாறும்.

இரண்டாவது ஏமாற்றம் எதிர்த் திசையில் வருகிறது; இதுதான் அதிகச் சேதம் செய்கிறது. பல மாதம் ஒழுங்காக இருந்தவர் ஒரு விருந்தில் மாவுச்சத்து சாப்பிடுகிறார். மறுநாள் தராசு ஒன்றரை, இரண்டு கிலோ கூடுதலாகக் காட்டுகிறது. ஒரே நாளில் அத்தனை கொழுப்பு சேர வழியே இல்லை. ஒரு கிலோ உடல்கொழுப்பு என்பது ஏறத்தாழ 7,700 கலோரி. காலியாக இருந்த கிளைக்கோஜன் நிரம்பி, அதோடு தண்ணீர் திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் தராசைப் பார்த்தவர் "எல்லாம் போச்சு" என்று உட்கார்ந்துவிடுகிறார். விருந்தன்று சாப்பிட்டதைவிட, அந்த ஏமாற்றத்தில் அடுத்த மூன்று வாரம் சாப்பிட்டதுதான் எடையை உண்மையாக ஏற்றுகிறது. எடை திரும்பிய கதைகள் பலவற்றைக் கிளறினால் இப்படி ஒரு காலைப்பொழுது அகப்படும்.

வாரத்துக்கு ஒருமுறை எடை பாருங்கள். தினமும் பார்க்கிறவர் ஏழு நாள் சராசரியை எடுங்கள். இடுப்புச் சுற்றளவையும் அளந்து எழுதி வையுங்கள். முதல் இரண்டு வார எண்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

போன முறை இருந்த உடம்பே இப்போதும் இருக்கிறது என்று நினைப்பது

"முன்பு இரண்டு தடவை செய்தேன், ஒரு பிரச்சினையும் வரவில்லை" என்பது ஆபத்தான தைரியம். அந்த இரண்டு தடவைக்கும் இப்போதைக்கும் இடையில் மருந்துச் சீட்டு மாறியிருக்கலாம்.

இன்சுலின் போடுபவரோ, கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்ற சல்ஃபோனைல்யூரியா வகை நீரிழிவு மாத்திரை எடுப்பவரோ, மருந்தின் அளவைக் குறைக்காமல் மாவுச்சத்தை மட்டும் குறைத்தால் ரத்தச் சர்க்கரை அபாயகரமாக இறங்கும். இது முதல் நாளிலேயே நடக்கலாம். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் வகை நீரிழிவு மாத்திரைகளில் சிக்கல் வேறு மாதிரி. சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே ரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸ் வரலாம். குமட்டல், வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல் இருக்கும். குளுக்கோமீட்டரில் எண் சாதாரணமாகத் தெரிவதால் அலட்சியம் செய்துவிடுவார்கள். இதற்கு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கு, உப்பும் தண்ணீரும் வெளியேறுவதால் அழுத்தம் இறங்கி, எழுந்து நிற்கும்போது கண் இருட்டலாம். மருத்துவரிடம் போவது "இந்த டயட் இருக்கலாமா?" என்று அனுமதி கேட்க மட்டுமே என்று எண்ணாதீர்கள். "இதைத் தொடங்கினால் எந்த மாத்திரையை எவ்வளவு குறைக்க வேண்டும்?" என்று கேளுங்கள். தொடங்கும் முன்பே கேளுங்கள். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், டைப் 1 நீரிழிவு உள்ளவர்கள், சிறுநீரக நோய் உள்ளவர்கள் தாங்களாகவே தொடங்கக் கூடாது.

முதல் சில நாள் வரும் தலைவலி, சோர்வு, கால் பிடிப்பு ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் உப்பும் தண்ணீரும் குறைந்ததே காரணம். உப்பைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் அறிவுறுத்தாதவர்கள் உணவில் உப்பைச் சற்றுக் கூட்டினாலே தீரும்.

வேகமாக எடை குறைவது பித்தப்பைக் கற்களுக்கு வழிவகுக்கும். எடை ஏறி இறங்கிக்கொண்டே இருப்பவர்களுக்கும் அந்த ஆபத்து கூடுதல். வலது விலா எலும்புக்குக் கீழே, சாப்பிட்டபின் கடுமையான வலி வந்தால் "டயட் ஒத்துக்கொள்ளவில்லை" என்று விட்டுவிடாமல் ஸ்கேன் செய்யுங்கள்.

பரிசோதனை பற்றி ஒரு சிறு குறிப்பு. மாவுச்சத்தை நன்றாகக் குறைத்திருக்கும்போது குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சர்க்கரைப் பரிசோதனைக்குப் போனால், நீரிழிவு இல்லாதவருக்கும் இருப்பதுபோல முடிவு வரக்கூடும். அந்தப் பரிசோதனைக்கு முந்தைய மூன்று நாளும் தினமும் குறைந்தது 150 கிராம் மாவுச்சத்து சாப்பிட்டிருக்க வேண்டும் என்பது விதி. கொலஸ்ட்ராலைத் தொடங்கும் முன் ஒருமுறையும், மூன்று மாதம் கழித்து ஒருமுறையும் பாருங்கள். சிலருக்கு எல்டிஎல் எனப்படும் கெட்ட கொலஸ்ட்ரால் கணிசமாக ஏறுகிறது. அப்போது நெய், வெண்ணெய், கொழுப்புள்ள இறைச்சியைக் குறைத்து, மீன், கொட்டைகள், தாவர எண்ணெய் பக்கம் நகர வேண்டும்.

தசையை மறப்பது

எடை குறையும்போது கொழுப்போடு தசையும் போகிறது. உடற்பயிற்சி இல்லாமல் எடை திரும்பும்போது வருவதில் பெரும்பகுதி கொழுப்பு. இப்படிச் சில சுற்று போனால் தராசில் அதே எண் இருக்கும், ஆனால் அதற்குள் தசை குறைந்த உடம்பு இருக்கும். வயது கூடக் கூட இந்த இழப்பை ஈடுகட்டுவது கடினம். எனவே இந்த முறை முதல் நாளிலிருந்தே உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதமும், வாரத்தில் இரண்டு மூன்று நாள் பளு தூக்குதல் போன்ற தசைப் பயிற்சியும் வேண்டும். எடை மிக அதிகமாக உள்ளவர்கள் அடைய நினைக்கும் எடையை வைத்துப் புரதத்தைக் கணக்கிட்டால் போதும். செமாகுளுடைட் போன்ற எடை குறைப்பு ஊசி போட்டுக்கொள்பவர்களுக்குப் பசி குறைவதால் புரதம் தானாகவே குறைந்துவிடும். அவர்கள் தட்டில் முதலில் புரதத்தைச் சாப்பிட வேண்டும்.

மிகக் குறைந்த அளவே மிகச் சிறந்தது என்று நம்புவது

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழு 609 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2018-இல் வெளியானது. குறைந்த கொழுப்பு உணவில் இருந்தவர்கள் ஓராண்டில் சராசரியாக 5.3 கிலோவும், குறைந்த மாவுச்சத்து உணவில் இருந்தவர்கள் 6 கிலோவும் குறைத்தார்கள். பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஒவ்வொரு குழுவுக்குள்ளும் 30 கிலோ அளவுக்குக் குறைத்தவரும் உண்டு, 10 கிலோ அளவுக்கு ஏறியவரும் உண்டு.

அந்த ஆய்வின் முடிவைவிட அதன் நடைமுறைதான் நமக்கு அதிகம் பயன்படும். குறைந்த மாவுச்சத்துக் குழுவில் இருந்தவர்கள் முதல் 8 வாரங்களுக்குள் அதை நாளுக்கு 20 கிராம் அளவுக்கு இறக்க வேண்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, "இந்த அளவில் காலமெல்லாம் என்னால் இருக்க முடியும்" என்று அவரவர் நினைக்கும் மிகக் குறைந்த அளவில் நின்றுகொள்ள வேண்டும். ஓராண்டு முடிவில் அவர்களின் சராசரி சுமார் 130 கிராம். 20 கிராமிலேயே நிற்கச் சொல்லவில்லை.

திரும்பி வருபவர் பெரும்பாலும் செய்யாமல் விட்டது இந்த இரண்டாவது பாதியைத்தான். 20 கிராமில் இருப்பார், முடியாத நாளில் 300 கிராமுக்குத் தாவுவார். நடுவில் 50, 80, 120 என்று படிகள் இருப்பதே பழக்கத்தில் இருக்காது. குறைக்க வேண்டிய எடையில் பாதி குறைந்ததுமே இந்தப் படிகளை ஏறிப் பாருங்கள். ஒவ்வொரு படியிலும் மூன்று நான்கு வாரம் இருங்கள். முதலில் வரும் ஒரு கிலோ தண்ணீர் என்று தெரிந்து விட்டுவிடுங்கள். அதன் பிறகும் எடையும் பசியும் ஏறிக்கொண்டே போனால் ஒரு படி இறங்குங்கள். எந்தப் படியில் பசி அடங்கி, எடை நிலையாக நிற்கிறதோ அதுதான் உங்கள் அளவு. அடுத்தவர் அளவு உங்களுக்குப் பொருந்தாது.

உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோனைச் சிறுநீரில் காட்டும் பட்டையின் நிறத்தைத் துரத்துவதும், "லோ கார்ப்" என்று அச்சிட்ட பிஸ்கட், சாக்லேட்டுகளை நம்புவதும் நேர விரயம். அந்த இனிப்புகளில் சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கப்படும் மால்டிட்டால் ரத்தச் சர்க்கரையை ஏற்றவும் செய்யும், வயிற்றைக் கலக்கவும் செய்யும். கொட்டைகளும் சீஸும் நல்லவைதான், ஆனால் பொட்டலத்திலிருந்து நேராகச் சாப்பிட்டால் கணக்கே இருக்காது.

இலக்கை எட்டியதும் கண்காணிப்பை விடுவது

13.6 கிலோவுக்கு மேல் குறைத்து, அதை ஓராண்டுக்கு மேல் தக்கவைத்தவர்களைப் பதிவுசெய்யும் ஒரு திட்டத்தை அமெரிக்காவில் ரீனா விங், ஜேம்ஸ் ஹில் ஆகியோர் 1994-இல் தொடங்கினார்கள். அதில் பதிந்தவர்கள் பின்பற்றிய உணவுமுறைகள் பலவகை. ஆனால் அவர்களில் பெரும்பாலானோர் எடை குறைந்த பிறகும் வாரத்துக்கு ஒருமுறையாவது எடை பார்த்தார்கள், அன்றாடம் நன்றாக உடலை அசைத்தார்கள்.

ஆகவே இப்போதே, தொடங்கும் முன்பே, ஓர் எண்ணை முடிவுசெய்து எழுதி வையுங்கள். அடையப்போகும் எடைக்கு மேல் மூன்று கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். வாரச் சராசரி தொடர்ந்து மூன்று வாரம் அந்த எல்லையைத் தாண்டி நின்றால் என்ன செய்வீர்கள் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்: மாவுச்சத்தில் ஒரு படி இறங்குவது, நின்றுபோன நடையை மீண்டும் தொடங்குவது, வீட்டில் ஒருவரிடம் சொல்வது, மருந்து மாறியிருந்தால் மருத்துவரைப் பார்ப்பது. மூன்று கிலோவில் செய்தால் இது சில வார வேலை. பதினைந்து கிலோ ஏறும்வரை தராசைக் கண்ணில் படாமல் ஒளித்து வைத்தால், மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.