ஊசி மூடியின் நிறம்

எங்கள் பூனைக்கு நீரிழிவு. பதினோரு நாளாக இன்சுலின் போட்டும் இரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 24 மில்லிமோலுக்குக் கீழே இறங்கவில்லை. தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகரமாட்டான். மூத்திரத் தட்டில் எறும்பு மொய்த்தது.

முதலில் உலர் தீனியை நிறுத்தி டின் உணவுக்கு மாற்றினேன். சோறும் நெத்திலியும் வைக்க வேண்டாம் என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னேன். சுங்கை சிப்புட் வெயிலில் மருந்து கெட்டிருக்குமோ என்று புதுக் குப்பியும் வாங்கினேன். பலன் இல்லை.

அப்புறம்தான் பழைய ஊசிகள் போடும் பாட்டிலைக் கவனித்தேன். முன்பு போட்டவற்றின் மூடி சிவப்பு, இப்போது போடுபவை ஆரஞ்சு. கையிருப்பு தீர்ந்ததும் டவுன் மருந்துக்கடையில் வாங்கியது மனிதர்களுக்கான யூ-100 ஊசி; மில்லிலிட்டருக்கு 100 யூனிட் உள்ள மருந்துக்குக் கோடு போட்டது. குப்பியில் இருப்பதோ யூ-40, அதாவது மில்லிலிட்டருக்கு 40 யூனிட். இந்த ஊசியில் 2 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 0.8 யூனிட்தான்!

மருத்துவரிடம் போனில் கேட்டு, ஈப்போ போய்ச் சிவப்பு மூடி ஊசி வாங்கி வந்தேன். நல்லவேளை, இடையில் நானாக அளவைக் கூட்டவில்லை. கூட்டிய அளவைச் சரியான ஊசியில் போட்டிருந்தால் சர்க்கரை அபாயமாக இறங்கியிருக்கும்.

அதே 2 யூனிட், சாப்பிட்ட பிறகு, 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. ஐந்தாம் நாள் காது ஓரத்தில் குத்திப் பார்த்தபோது 12. தட்டில் எறும்பு இல்லை.