பக்கத்து மாநிலப் புத்தகம் கைக்கு வர

பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் தமிழ் ஆய்வு செய்கிற பிள்ளைகள் என் நூலக மேசைக்கு வந்து, "அக்கா, கோயம்புத்தூர்ல இருக்காம், வரவழைச்சுத் தாங்க" என்பார்கள். இருக்காம் என்றால் போதாது. பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் அமைப்பான இன்ஃப்லிப்நெட்டின் இணையக் கூட்டு நூற்பட்டியல் இண்ட்கேட்டில் தேடி, எந்தப் பல்கலைக்கழக நூலகத்தில் என்று பாருங்கள். ஆய்வேடா? இணையத்தில் ஆய்வேடுகளைச் சேர்த்துவைத்திருக்கும் சோத்கங்காவைத் திறங்கள், பலருக்கு வேலை அங்கேயே முடிந்துவிடும். இல்லையென்றால் விவரத்தை எழுதி உங்கள் நூலகரிடமே கொடுங்கள். கடன் நூலகத்துக்கும் நூலகத்துக்கும் இடையில்தான். தொலைத்தால் பதில் சொல்வதும் நாங்கள்தான்! பதிப்பாண்டை விடாதீர்கள். பழைய தமிழ் நூல்களில் பதிப்புக்குப் பதிப்பு பக்க எண் மாறும், மேற்கோள் தடுமாறும். ஒரு இயல் போதுமென்றால் நகல் கேளுங்கள். இதழ்க் கட்டுரைக்குத் தொகுதி, இதழ் எண், பக்கம் வேண்டும். அரிய நூலை வெளியே அனுப்பமாட்டார்கள். துறைத்தலைவர் கடிதத்தோடு பஸ் ஏறுங்கள். தபால் செலவு யாருடையது என்று முன்பே கேட்டுவிடுங்கள்.