அமெரிக்கா வந்திறங்கும் நீலகிரிப் பிள்ளைகளே, செக்கை வீட்டில் அச்சடிக்காதீர்கள்

வங்கிக் கணக்கு தொடங்குவது பெரிய வேலை இல்லை. பாஸ்போர்ட், விசா, தங்கும் முகவரிக்கு அத்தாட்சி இருந்தால் பெரும்பாலும் போதும். டெபிட் கார்டு தபாலில் வந்துவிடும். செக் புத்தகம்தான் பல வங்கிகளில் காசு கொடுத்து வாங்க வேண்டும். நம் பிள்ளைகள் மாட்டுவது அங்கேதான்.

கோத்தகிரியில் வங்கி கொடுத்தால்தான் செக். அமெரிக்காவில் வெற்றுச் செக் தாள் கடையிலேயே கிடைக்கும், நாமே அச்சடிக்கலாம், சட்டத்தில் தடை இல்லை. என் நண்பரின் மகன் சாதாரண இங்க்ஜெட் பிரிண்டரில் அடித்து வாடகைக்குக் கொடுத்தான். வீட்டுக்காரரின் வங்கியில் இயந்திரம் படிக்காமல் செக் திரும்பிவிட்டது. கணக்கில் பணம் இருந்தும் தாமதக் கட்டணம், திரும்பிய செக்குக்குத் தனிக் கட்டணம். அவன் அப்பா பச்சைத் தேயிலை விற்று அனுப்பிய பணம் அது. கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. நம் ஊரில் கையெழுத்து கொஞ்சம் மாறினாலே வங்கியிலிருந்து போன் வரும், "அண்ணா, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்று. அங்கே யாரும் கூப்பிட மாட்டார்கள்.

செக்கின் அடியில் கட்டை கட்டையாகத் தெரியும் எண்களைக் கவனியுங்கள். ஈ-13பி என்ற அந்த எழுத்துதான் நம் ஊர்ச் செக்கிலும் இருக்கிறது. மையில் இரும்பு ஆக்சைடு கலந்திருக்கும். இயந்திரம் அதைக் காந்தமாக்கி, ஒவ்வொரு எண்ணும் எழுப்பும் அலையை வைத்து இது 3, இது 8 என்று பிரிக்கும். மேலே முத்திரை விழுந்தாலும் படித்துவிடும். 1950-களில் பேங்க் ஆஃப் அமெரிக்காவுக்காக ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய முறை, இன்றும் நிற்கிறது. இங்க்ஜெட் மையில் அந்தக் காந்தம் ஏது?

2004-ல் செக் 21 சட்டம் அமலுக்கு வந்தபின் செக்கின் படத்தை வைத்தே பல வங்கிகள் வேலையை முடிக்கின்றன. அதனால் சிலருக்கு வீட்டுச் செக்கும் பாஸாகிவிடும். "எனக்குப் போச்சே" என்பவரை நம்பி வாடகைப் பணத்தில் சோதனை செய்யாதீர்கள். அச்சடித்தே ஆக வேண்டுமென்றால் லேசர் பிரிண்டரும் அதற்கான எம்ஐசிஆர் டோனரும் (காந்தத் தன்மையுள்ள மைத்தூள்) வேண்டும்.

செக்கின் அடிப்பகுதியில் 5/8 அங்குலம் வரை கையெழுத்து இறங்கக் கூடாது, ஸ்டேப்ளர் பின் அடிக்கக் கூடாது. கோடும் இரண்டு சதுரமுமான குறிகளுக்கு நடுவே இருக்கும் 9 இலக்கம்தான் ரூட்டிங் எண், அதாவது எந்த வங்கி என்று காட்டும் எண். தேதியில் மாதம் முதலில் வரும், 05/06 என்றால் மே 6.

செக் புத்தகம் வருவதற்குள் வாடகை நாள் வந்துவிட்டால், வங்கிக்குப் போய் கேஷியர்ஸ் செக், அதாவது வங்கியே தன் பொறுப்பில் எழுதித் தரும் செக், கேளுங்கள். கொடுத்ததும் வீட்டுக்காரரிடம் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.