ஒயின் திருவிழாவுக்குப் போகிறீர்களா?

திராட்சைப் பள்ளத்தாக்குகளில் ஒயின் திருவிழாக்கள் பெரும்பாலும் அறுவடையை ஒட்டியே நடக்கும். ஜெர்மனியின் மோசல், அமெரிக்காவின் நாபா பக்கம் என்றால் செப்டம்பர், அக்டோபர். ஆஸ்திரேலியாவின் பரோசா, தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷ் பக்கம் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. தங்குமிடத்தை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள்.

ஒயின் ஆலைகளைப் பார்க்க வார நாளின் காலைதான் நல்லது. கூட்டம் குறைவு, ஊற்றித் தருபவருக்கும் நின்று பேச நேரமிருக்கும். ஒரு நாளைக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று ஆலைகள் போதும். அதற்கு மேல் நாக்கு மரத்துவிடும், எதைக் குடித்தாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

சுவைக்கும் மேசையில் ஒரு வாளியோ குவளையோ வைத்திருப்பார்கள். துப்புவதற்குத்தான். கூச்சப்படவே வேண்டாம், தொழில்முறைச் சுவைஞர்கள் எல்லாரும் துப்புகிறவர்கள்தான். லேசான வெள்ளையில் தொடங்கி, சிவப்புக்குப் போய், இனிப்பு ஒயினைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நடுநடுவே தண்ணீர் குடியுங்கள். அன்றைக்கு சென்ட் போடாதீர்கள், பக்கத்தில் நிற்பவருக்கும் வாசனை கெட்டுவிடும்.

துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும். ஆகவே, வண்டி ஓட்ட ஒரு சொட்டுகூடக் குடிக்காத ஒருவர் இருக்க வேண்டும். இல்லையென்றால் ரயில், பேருந்து. வாங்கிய பாட்டில்களை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடாதீர்கள், சூட்டில் ஒயின் கெட்டுப்போகும்.