ஏற்றத்தில் இழுவை விடும் பழைய பிக்கப்: பழுது தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவில் வடசேரிச் சந்தைக்கு ஏத்தன் (நேந்திரன்) வாழைக்குலை ஏற்றிவரும் பழைய டீசல் பிக்கப் ஒன்று, வெறும் வண்டியாக ஓடும்போது எந்தக் குறையும் காட்டாமல், பாரத்தோடு ஏற்றம் ஏறும்போது மட்டும் திடீரென இழுவையை விட்டுவிடுகிறது. ஓரங்கட்டி ஐந்து நிமிடம் கழித்துக் கிளப்பினால் ஒன்றுமே நடவாததுபோல் ஓடுகிறது. ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தினாலோ பழுது தலைகாட்டுவதில்லை.

இத்தகைய பழுதில் நாம் செய்யும் பெரிய தவறு, அது வராத நேரத்தில் பாகம் மாற்றுவது. டீசல் ஃபில்டர், டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்ப், கடைசியில் எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் என ஒவ்வொன்றாக மாற்றுகிறோம். இரண்டு நாள் தொந்தரவு இல்லையென்றால் சரியாகிவிட்டது என்று நம்பிவிடுகிறோம். விட்டுவிட்டு வரும் பழுது எப்படியும் இரண்டு நாள் வராமல் இருக்கக்கூடியதுதான். அந்த இரண்டு நாள் எதற்கும் சான்றாகாது. பாகம் வாங்குவதற்கு முன், பழுது வந்த ஒவ்வொரு முறையும் பாரம் எவ்வளவு, டேங்கில் டீசல் எவ்வளவு, புகை என்ன நிறம், மழையா வெயிலா என்று ஒரு நோட்டில் எழுதிவைப்பதே முதல் வேலை.

அந்தக் குறிப்பே பாதி வழியைக் காட்டிவிடும். இழுவை மெல்ல மெல்லக் குறைந்து, புகையும் இல்லாமல், நிறுத்தி எடுத்தால் தேறுகிறது என்றால் டீசல் போதுமான அளவு வரவில்லை என்று சந்தேகிக்கலாம். டேங்கின் அடியில் கிடக்கும் குப்பை உறிஞ்சு குழாயின் வாயில் ஒட்டிக்கொண்டு, எஞ்சின் நின்றதும் விலகிவிடுவது இப்படித்தான் இருக்கும். இழுவை குறையும்போது கரும்புகை தள்ளினால் காற்றுப் பக்கம் பார்க்க வேண்டும்: ஏர் ஃபில்டர், அல்லது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின், அழுத்தம் ஏறியபின் மட்டும் வாய் பிளக்கும் ஹோஸ். எஞ்சின் சுற்று ஏறியும் வேகம் ஏறாவிட்டால் அது கிளட்ச். சுவிட்சை அணைத்ததுபோல் எஞ்சின் ஒரே கணத்தில் விட்டு மறுகணம் பிடிக்கிறது, மீட்டர் முள்ளும் கூடவே ஆடுகிறது என்றால் அது பெரும்பாலும் மின்சாரப் பழுது. இவை எல்லாவற்றுக்கும் ‘வண்டி இழுக்கல’ என்ற ஒரே சொல்லைத்தான் மெக்கானிக்கிடம் சொல்கிறோம். அது அவரைத் தவறான இடத்துக்கு அனுப்பிவிடுகிறது.

கீழே சொட்டு டீசல்கூட இல்லை, ஆகவே லைனில் பழுது இல்லை என்று முடிவுகட்டுவது இன்னொரு தவறு. நானே அதில் இரண்டு மாதம் கிடந்தேன். குலசேகரத்திலிருந்து ரப்பர் ஷீட் ஏற்றிவரும் என் வண்டியில் ஃபீட் பம்ப் எஞ்சினோடு இருப்பதால், டேங்கிலிருந்து அதுவரையுள்ள குழாய் உறிஞ்சப்படும் பக்கம். அங்கே விரிசல் விட்டால் டீசல் வெளியே சொட்டாமலே காற்று உள்ளே போகும். பம்புக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்கு டீசல் தாங்கும், உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் குழாயைப் பொருத்தி, ஆக்சிலரேட்டரை அழுத்தச் சொல்லிப் பார்த்தபோதுதான், கடுகளவுக் குமிழிகள் கோத்த பாசிமணிபோல் வரிசையாக ஓடுவது தெரிந்தது. கிளாம்பைக் கழற்றி ஹோஸை விரலால் வளைத்ததும் மயிரிழை விரிசல்கள் வாய் திறந்தன. மாற்ற வேண்டியிருந்தது ஒரு துண்டு ஹோஸ் மட்டுமே. அதற்குள் ஒரு புதுப் பம்ப் வாங்கியாகிவிட்டது.

குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மீன் ஏற்றும் வண்டிகளில் மின்சாரப் பழுது என்றால், பேட்டரியின் நெகட்டிவை எஞ்சினோடும் சேசிஸோடும் இணைக்கும் எர்த் வயரை முதலில் பார்க்க வேண்டும். உப்புக்காற்று போதாதென்று, ஐஸ் உருகிய மீன் தண்ணீர் தட்டிலிருந்து சேசிஸில் ஒழுகி, எர்த் போல்ட்டின் அடியிலும் கனெக்டருக்குள்ளும் பச்சை பூக்க வைக்கிறது. டெர்மினலின் மேற்புறத்தைச் சுரண்டிவிட்டு உறைக்குள் இருக்கும் கம்பியை மறந்துவிடுவது பலரும் செய்யும் பிழை. மல்டிமீட்டரில் ஓம் பார்ப்பதும் ஏமாற்றும்: நாலைந்து இழை மட்டும் மிஞ்சிய கேபிளும் ஏறக்குறைய பூஜ்யம் காட்டும், ஸ்டார்ட்டருக்கு வேண்டிய மின்னோட்டத்தை மட்டும் தாங்காது. மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சின் உடம்பிலும் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள், 0.2 வோல்ட்டைக் கணிசமாகத் தாண்டினால் எர்த்தில் தடை இருக்கிறது. ஓய்வில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவிலும், எஞ்சின் ஓடும்போது சார்ஜிங் பொதுவாக 13.8 முதல் 14.4 வரையிலும் இருக்கும்.

பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைச் சோதிக்க, ஓடும் எஞ்சினில் பேட்டரியைக் கழற்றும் பழைய வழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும்; அப்போது எழும் வோல்ட்டேஜ் டயோடுகளையும் எஞ்சின் கம்ப்யூட்டரையும் கெடுத்துவிடக்கூடும். அடிக்கடி போகும் ஃப்யூஸுக்குப் பதில் கம்பி சுற்றுவது தீயில் முடியும். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசல் போகும் காமன்ரெயில் வண்டியில், ஏர் எடுக்க (லைனில் புகுந்த காற்றை வெளியேற்ற) இன்ஜெக்டர் பைப்பைத் தளர்த்தவே கூடாது: அங்கே அழுத்தம் 1000 பாருக்கு மேல் போகும், கையில் பட்டால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். காயம் ஊசி குத்தியதுபோல் சிறிதாகத் தெரிந்தாலும் அது உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம்.

எஞ்சின் கம்ப்யூட்டரில் பதிவான பழுதுகளைப் படிக்கும் ஸ்கேனரில் ஒரு சென்சாரின் பெயர் வந்தால், அந்தப் பழுதுக் குறியீட்டை அழிக்குமுன் எழுதிக்கொண்டு, சென்சாரை வாங்குமுன் அதன் கனெக்டரையும் எர்த்தையும் பாருங்கள். வேலை முடிந்தபின் வெறும் வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டுப் பணம் கொடுக்காமல், மெக்கானிக்கையும் ஏற்றிக்கொண்டு, நோட்டில் எழுதிய அதே பாரம், அதே அளவு டீசலோடு, பழுது வந்த அதே ஏற்றத்தில் ஏற்றிப் பாருங்கள்.